கிளிப்பிள்ளை: கொழும்புத் தமிழர் இல்லங்களிற் சிறுகிளி வளர்ப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் மரபு பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என இரண்டு பெயர்களைத் தருகின்றது. தொல்காப்பிய மரபியல் கூறும் இவ்விதியின்படி பிள்ளை என்பது சிறகு முற்றாத குஞ்சுக்கே உரிய பெயராகும். ஆயினும் கிளியைப் பொறுத்தவரை வழக்கு விதியைக் கடந்து நிற்கின்றது. இருபது ஆண்டு கூட்டிலிருந்து முதிர்ந்த கிளியும் கிளிப்பிள்ளையே. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்னும் வழக்குகளும் உளவெனினும், அவை பெரும்பாலும் தோட்டத்தோடும் வேலியோடும் நின்றுவிட்ட பிள்ளைகள். வீட்டினுள்ளே புகுந்து, பெயர் பெற்று, ஊட்டப்பெற்று, பேசக் கற்பிக்கப்பெற்று, அடம்பிடித்து ஏச்சும் வாங்கும் பிள்ளை கிளியே.

இப்பிள்ளையின் வரலாற்றைக் கொழும்பு மாநகரின் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய இரு பகுதிகளையும் நடுவாக வைத்து நோக்கினால் ஒரு மாற்றம் தெளிவாகப் புலப்படும். முன்னாளிற் கிளி பேசுவதற்காக வளர்க்கப்பட்டது. இந்நாளில் அது விளையாடுவதற்காக வளர்க்கப்படுகின்றது. முன்னது மரப்பொந்திற் பிறந்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னது கூட்டிலேயே பிறந்தது. இதனை வெறும் நாகரிக மாற்றமென்று தள்ளிவிடுதல் இயலாது. வீட்டின் அமைப்பு, நகரிற் குடிபுகுந்தோரின் கதை, சட்டம், 1983ஆம் ஆண்டின் வன்செயல் என்பனவெல்லாம் இச்சிறு பறவையின் கூட்டுக்குள்ளும் நுழைந்துள்ளன.

தமிழிலக்கியத்திற் கிளி முதன்முதல் தோன்றுவது வீட்டிலன்று, வயலிலே. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் அது பகையாகவே அறிமுகமாகின்றது. கதிர் முற்றும் காலத்தில் மகளிர் பரண்மீதிருந்து கிளி ஓட்டியதையும், அதற்கெனத் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளைக் கையாண்டதையும் குறிஞ்சிப்பாட்டு விரித்துரைக்கின்றது. களவொழுக்கமே இக்கிளிகடி தொழிலை வாய்ப்பாகக் கொண்டு வளர்ந்தது என்னுமளவுக்கு அது பழந்தமிழ்ப் பாட்டில் வேரூன்றியிருந்தது. ஓட்டப்பட்ட அதே பறவை பிற்பட்ட இலக்கியங்களில் மாடத்துக் கூட்டில் இருந்து பாலும் தேனும் பெறுகின்றது. திருஞானசம்பந்தர் தோணிபுரத்துப் பதிகத்திற் கிளியை அழைத்துத் தேனும் பாலும் தருவதாகக் கூறி இறைவன் பெயரை ஒருமுறை சொல்லுமாறு வேண்டுகின்றார். மாணிக்கவாசகரின் திருத்தசாங்கம் முழுவதும் கிளியை முன்னிலைப்படுத்திய பத்து வெண்பாக்களாலானது. ஆசிரியர் மாணவனிடம் கேட்பதுபோல் இறைவனுடைய பெயர், நாடு, ஊர், ஆறு, மலை என ஒவ்வொன்றாகக் கிளியிடம் கேட்கப்படுகின்றது.

இப்பாடல்களைப் பத்திச் சுவைக்காக மட்டும் படிப்போர் இவற்றிலுள்ள வீட்டனுபவத்தைக் காணத் தவறுவர். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கூறும் கிளியை நோக்குக. கூட்டிலிருந்து ஓயாமற் கோவிந்தன் பெயரைக் கூப்பிடும் அதனைச் சினந்து, உணவை நிறுத்தினால், அது அடங்குவதற்கு மாறாக இறைவனின் வேறொரு பெயரை இன்னும் உரக்கக் கூவுகின்றது. கிளி வளர்த்த எவரும் இதனைப் பொய்யெனக் கூறார். தன்மீது எவருடைய கவனமேனும் திரும்பும் வரையில் ஒலியை உயர்த்திக்கொண்டே போவது கூட்டுக்கிளியின் இயல்பு. பாடியவர் கிளியை ஏட்டிற் கண்டவரல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. சீவகசிந்தாமணியிற் குணமாலை சீவகனிடம் தூதனுப்புவதும் கிளியையே. மதுரை மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் கிளி உண்டு. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கெனக் கிளியுருவை நாள்தோறும் பச்சை இலைகளாற் புதிதாகப் புனைகின்றனர். மதுரைக் கோயிலிற் பொற்றாமரைக் குளத்தை அடுத்துள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில் மீனாட்சியின் பெயரைச் சொல்லப் பழக்கிய கிளிகள் முன்னர் வாழ்ந்தன. மண்டபத்தின் பெயர் நிலைத்திருக்கின்றது, கிளிகள் இல்லை.

இந்தியக் கிளியின் பேச்சு மேல்நாட்டாரையும் வெகு முன்னரே வியக்கவைத்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாரசீக அரசவையில் மருத்துவராயிருந்த கிரேக்கர் திசியாசு, இந்தியரின் மொழியை மக்களைப்போலப் பேசுவதும், கற்பித்தாற் கிரேக்கமும் பேசவல்லதுமான ஒரு பறவையைப் பற்றி எழுதினார். அவர் கூறிய உருவமைதி செந்தலைக் கிளியோடு பொருந்துகின்றது என்பது பறவையியலார் பலரின் கருத்து.

இலங்கையை நோக்குவோம். இத்தீவில் ஐந்து இனக் கிளிகள் இயற்கையாக வாழ்கின்றன. தோளிற் செந்நிறப் பட்டையுடைய பெருங்கிளி, சிங்களத்தில் லபு கிரவா எனப்படுவது, அவற்றுட் பெரியது. கழுத்தில் இளஞ்சிவப்பும் கருமையுமான ஆரம் பூண்ட ரண கிரவாவே தமிழர் பச்சைக்கிளி என்பது. செந்தலைக் கிளியும், இத்தீவுக்கே உரிய சாம்பற் கிளியும் மலைசார்ந்த பகுதிகளிலும் காட்டோரங்களிலும் மிகுதி. ஐந்தாவது மிகச் சிறியது. வாலுட்பட ஐந்தங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட கிரா மலித்தா. இதுவும் இத்தீவுக்கே உரியது. வௌவாலைப்போலத் தலைகீழாகத் தொங்கி உறங்குவது இதன் தனி வழக்கம். கித்துள் மரத்துக் கள்ளைக் குடித்து மயங்கிப் பிடிபடும் என்று பழைய பறவை நூலார் இதனைப்பற்றி எழுதியுள்ளனர்.

கிளியைத் தூதாகப் பாடும் மரபு இலங்கையின் இரு மொழிகளுக்கும் பொதுவானது. வெள்ளவத்தையிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட 15ஆம் நூற்றாண்டிலே, ஆசிரியர் பெயர் தெரியாத கிரா சந்தேசய என்னும் சிங்களத் தூது நூல் எழுந்தது. கோட்டையிலிருந்து புறப்படும் கிளி தென்கரையிலுள்ள தொட்டகமுவைக்குச் சென்று அங்கு வாழ்ந்த இராகுல தேரரிடம் செய்தி சொல்லவேண்டும் என்பது அதன் அமைப்பு. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தவரான சுன்னாகம் வரத பண்டிதர் கண்ணியவளைக் குருநாதர்மீது கிள்ளைவிடுதூது பாடினார். தமிழ்நாட்டில் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர்மீது பாடிய கிள்ளைவிடுதூது பலரும் அறிந்தது. காகமும் புறாவும் நெடுந்தூரம் பறக்கவல்லனவாயிருக்கக் கிளியைத் தூதுக்குத் தேர்ந்தமைக்குக் காரணம் வெளிப்படை. தூதுக்கு வேண்டுவது சிறகு மட்டுமன்று, சொல்லும் வேண்டும். அச்சொல்லைக் கிளியிடம் எதிர்பார்க்கக் கற்றது வீட்டுக் கூட்டிலேதான்.

ஐரோப்பியர் கண்ணுக்கு இலங்கைக் கிளி வேறொரு வகையில் அறிமுகமாயிற்று. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டன், பீற்றர் டி பெவெரெ என்னும் ஓவியரைக் கொண்டு இத்தீவின் பறவைகளையும் விலங்குகளையும் வண்ணத்திற் தீட்டுவித்தார். அவ்வோவியங்கள் இங்கிலாந்தை அடைந்து, பெனன்ற் முதலிய இயற்கை நூலாரின் அச்சு நூல்களுக்கு அடிப்படையாயின. இலங்கை கண்ட பல பறவைகளுக்கு அறிவியற் பெயர் கிடைத்தது இவ்வழியாலேதான். பெயரிடுதலில் விந்தைகளும் நேர்ந்தன. பெருங்கிளிக்கு 1766இல் லின்னேயசு பெயரிட்டபோது அவர் பயன்படுத்திய முன்னைய விவரணம் அதனைச் செஞ்சிக் கிளி என்றே அழைத்திருந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பச்சைக்கிளியின் உட்பிரிவோ மணிலா நகரின் பெயரைத் தவறாகப் பெற்று இன்றுவரை சுமந்துகொண்டிருக்கின்றது. சாம்பற் கிளிக்கு மனிதப் பெயர் வாய்த்தது. பிரித்தானிய ஆட்சியில் இங்கு பணியாற்றிய எட்கர் லேயாட்டின் மனைவி பாபரா ஆன் கல்த்ரொப்பின் பெயரால் 1849இல் அது பிளைத் என்பவரால் வழங்கப்பட்டது.

இதே லேயாட் சிலாபத்திற் கண்ட காட்சியொன்று, 1861இல் வெளிவந்த எமேர்சன் தெனென்றின் இலங்கை உயிரின வரலாற்று நூலில் இடம்பெற்றுள்ளது. மாலையிற் சந்தைக்கு மேலான தென்னைகளில் அடைய வந்த கிளிகளின் இரைச்சலில், கீழே பேரம் பேசியோரின் குரல் மூழ்கிவிட்டதாம். எண்ணிப் பார்க்கும் நோக்குடன் அவர் அரை மைல் தொலைவிலுள்ள பாலமொன்றில் நின்றார். நான்கு மணியளவிற் சிறு சிறு கூட்டங்களாக வரத் தொடங்கியவை, அரைமணி நேரத்துள் தனித்தனிக் கூட்டமெனப் பிரித்தறிய இயலாத ஒரே பெருக்காயின. எண்ணும் முயற்சி கைவிடப்பட்டது. கிளி இலங்கையில் விலையின்றிக் கிடைத்த பொருளாயிருந்ததும், அதனைப் பிடித்துக் கூட்டிலிடுதலை எவரும் குறையாகக் கருதாததும் ஏனென்பதை இக்காட்சி விளக்குகின்றது.

கொழும்புத் துறைமுகத்தை அண்டி வளர்ந்த கொட்டாஞ்சேனை, தமிழரும் கொழும்புச் செட்டிகளும் பரவரும் மலையாளிகளும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அயலயலாக வாழ்ந்த பகுதி. 1856இற் பொன்னம்பல முதலியார் நிறுவி, 1907 முதல் 1912 வரை சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற் கோயிலாகக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும், புனித லூசியாள் பேராலயமும் அங்கு அண்மை அண்மையாக நிற்கின்றன. அப்பகுதியின் பழைய வீடுகள் தெருவை ஒட்டி நீண்டவை. முன்னே விறாந்தை, நடுவே வெளிச்சம் விழும் முற்றம். விறாந்தை வளையிற் கொளுக்கியிட்டுத் தொங்கவிட்ட கூட்டிற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. தெருவிற் போவோர் குரலும் வீட்டார் குரலும் அங்கே சந்திக்கும். கிளி கற்றதும் அவ்விடத்திற் கேட்டதையே. கற்பிக்க விரும்பியது தெய்வத்தின் பெயராயிருக்க, அது முதலிற் கற்றது மீன்காரரின் கூவலாகவோ, வீட்டிற் பிள்ளையை ஏசும் சொல்லாகவோ அமைந்துவிடுவது கிளி வளர்ப்பில் எங்கும் காணும் நகை. எந்த மொழிச் சொல்லைக் கற்கவேண்டும் என்பதைக் கிளியே தெரிந்துகொண்டது. அடிக்கடி கேட்பதும், உணர்ச்சியோடு சொல்லப்படுவதுமே அதன் நாவில் ஏறும்.

பேச்சுப் பழக்குதலில் நம்பிக்கைகள் பல. வசம்பைத் தேய்த்துக் கொடுத்தால் நா திருந்தும் என்பது அவற்றுள் ஒன்று. குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுத்த அதே கை கிளிக்கும் கொடுத்தது. பிள்ளை என்ற பெயர் வெறும் உவமையாக நிற்கவில்லை என்பதற்கு இதுவும் சான்று. உண்மையிற் கிளியின் பேச்சுக்கு வசம்பு காரணமன்று. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள ஒலியுறுப்பும், தடித்த தசையுள்ள நாவும், கேட்டதைக் கற்று ஒலிக்கவல்ல மூளை அமைப்புமே அதற்குக் காரணம். கொவ்வைப்பழமும் கொய்யாவும் போலப் பச்சை மிளகாயும் அதன் விருப்புணவாகக் கருதப்பட்டது. அது உறைப்பைப் பொருட்படுத்தாமைக்குக் காரணம், மிளகாயின் எரிப்பை உணர்த்தும் பொருள் பறவைகளின் நரம்பைத் தாக்காமையாகும். போர்த்துக்கேயர் காலத்துக்கு முன்னர் இந்நாட்டில் மிளகாயே இருக்கவில்லை. ஆகவே குறிஞ்சிப்பாட்டுக் கிளியும் கோட்டையிலிருந்து பறந்த கிளியும் அதன் சுவையை அறியாதவை.

இன்பத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அதனைக் கொடுத்தது கிளி. பழக்குதற்கு ஏற்றது கண் திறந்து இறகு முளைக்கும் பருவத்துக் குஞ்சே என்பதால், இனப்பெருக்கக் காலத்தில் மரப்பொந்துகள் துழாவப்பட்டன. கை எட்டாத பொந்துக்காகக் கிளையோ மரமோ தறிக்கப்பட்டது. எடுத்த குஞ்சுகளிற் பல வழியிலேயே இறந்தன. எஞ்சியவற்றின் சிறகிறகு கத்தரிக்கப்பட்டது. கூட்டமாகப் பறந்து, கூட்டமாக உண்டு, கூட்டமாக அடையும் இயல்புள்ள ஒரு பறவை தனியே ஒரு சாண் தண்டில் இருபது, முப்பது ஆண்டுகள் இருந்தது. அது மனிதப் பேச்சைக் கற்றதும் இத்தனிமையாலேயே. தன் இனத்தோடு பேசவேண்டிய வாய், வேறு துணை இல்லாமையால் வீட்டாரோடு பேசியது. விறாந்தைக் கிளியின் சொற்கேட்டு மகிழ்ந்த தலைமுறையினர் கொடியவரல்லர். பறவையின் பேச்சை அன்பின் அடையாளமாகவே அவர்கள் கொண்டனர். அதிற் பாதி உண்மையும் உண்டு. மற்றப் பாதியை அறிவதற்கான வாய்ப்பு அன்று இருக்கவில்லை. சிறகு கத்தரித்த கிளியைச் சீட்டெடுக்கப் பழக்கிச் சிறு கூட்டோடு தெருவோரங்களில் அமர்ந்த கிளிச் சோதிடமும் இம்மரபின் கிளையே. அதில் விளையாட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

இனி வெள்ளவத்தை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே குறுக்குத் தெருக்களாக அமைந்த இப்பகுதியிற் கடந்த நூற்றாண்டில் அரச அலுவலரும் ஆசிரியரும் வணிகருமாகத் தமிழர் பெருகினர். தோட்டமுடைய வீடுகள் பிரிவுபட்டுச் சிறுத்தன. வாடகைக்கு மாடியிலொரு பகுதி எடுத்து வாழ்தல் பெருகியது. உரத்த குரலும் நீண்ட வாலுமுடைய பச்சைக்கிளிக்கு அங்கே இடமில்லை. அவ்விடத்தைப் பிடித்தது அவுஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பா சுற்றி வந்த ஒரு சிறுகிளி. பறவை நூலார் பட்ஜெரிகார் என்றழைக்கும் அதனைக் கொழும்பு மக்கள் லவ் பேர்ட்ஸ் என்றே அறிவர். அப்பெயர் முறைப்படி ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறொரு குறுவாற் கிளிக்கு உரியது. எனினும் ஒன்றையொன்று அலகாற் கோதிக்கொண்டு நெருங்கியிருக்கும் சோடியைக் கண்ட மக்கள் இட்ட பெயரை நூலாராலும் மாற்ற முடியவில்லை.

இக்கிளி அவுஸ்திரேலியாவின் உலர்ந்த உள்நாட்டில் நீரையும் புல்விதையையும் தேடிப் பெருங்கூட்டங்களாக அலைவது. அதன் ஆங்கிலப் பெயரே அந்நாட்டு ஆதிக்குடிகளின் சொல்லிலிருந்து வந்ததாகும். 1840இல் யோன் கூல்ட் என்னும் பறவையியலார் உயிருள்ளவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அடுத்த சில பதின்மங்களில் அவை ஐரோப்பாவிற் கூட்டிலேயே முட்டையிட்டுப் பெருகின. இயற்கையிற் பச்சையும் மஞ்சளுமான அதற்கு நீலம், வெள்ளை முதலிய நிறங்கள் வளர்ப்பாளர் கையில் வாய்த்தன. ஆகவே கொழும்பிற் கூட்டிலிருக்கும் லவ் பேர்ட்ஸ் எந்தப் பொந்திலிருந்தும் திருடப்பட்டதன்று. அதன் முன்னோர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூட்டிற் பிறந்தவர்கள். மேற்கூறிய பழைய குறை இங்கு பெரும்பாலும் நீங்குகின்றது.

பதினெட்டுச் சென்றிமீற்றர் நீளமும் முப்பது, நாற்பது கிராம் நிறையுமே உள்ள இப்பறவை பேசாததன்று. அமெரிக்காவிற் பக் என்ற பெயருடன் வாழ்ந்து 1994இல் இறந்த ஒன்று 1,728 சொற்களை அறிந்திருந்ததாகக் கின்னஸ் நூலிற் பதிவாகியுள்ளது. ஆயினும் வெள்ளவத்தை வீடுகளில் எவரும் அதனிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. சோடியாக வைத்தால் அது மனிதருடன் பேச வேண்டிய தேவையுமில்லை. அது தரும் மகிழ்ச்சி வேறு. முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக அமைந்த விரல்களால் கம்பியைப் பற்றிப் பக்கவாட்டாக ஏறும். அலகை மூன்றாம் காலாக ஊன்றும். சிறு மணியைத் தலையால் முட்டி அடித்துவிட்டு, அது அடங்கியதும் மீண்டும் முட்டும். கீரையை நீரில் நனைத்துக் கூட்டிலிட்டால் அந்த ஈர இலையிற் புரண்டு குளிக்கும். கூட்டின் மேலிருந்து ஒரு பொருளைக் கீழே தள்ளி அது விழுவதைத் தலை சாய்த்துப் பார்க்கும்; எடுத்து வைத்தால் மறுபடியும் தள்ளும். உணவும் இல்லை, இணையும் இல்லை, அச்சமும் இல்லை. விளையாட்டென்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. சோடி சேர்ந்த ஆண், பெண்ணின் அழைப்பொலியைக் கேட்டுக் கேட்டுத் தன் ஒலியையும் அதுபோல் ஆக்கிக்கொள்ளும் என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று தமிழ்மக்கள் இகழ்ச்சியாகக் கூறும் பண்பு, கிளிகளுக்குள்ளே உறவின் வேலையைச் செய்கின்றது. தனியே வைத்து ஒரு கண்ணாடித் துண்டைத் தொங்கவிடுவோர் இவ்விடத்தைக் கருதவேண்டும். பறவை நிழலோடு நாள் முழுதும் பேசுவது பார்ப்பதற்கு வேடிக்கையாயிருக்கும். பறவைக்கு அது வேடிக்கையன்று.

இதன் உணவோ தினை. குறிஞ்சி மகளிர் பரண் அமைத்தும் தட்டை புடைத்தும் கிளியிடமிருந்து காத்த அதே தானம், இன்று கொழும்பில் அரிதாகவே மனிதர் இலைக்கு வருகின்றது. சிங்களத்தில் தணஹால் எனப்படும் அதனைக் கடையிற் கேட்பவரிற் பலர் கிளி வளர்ப்போரே. கிளியை ஓட்டிய மரபினரின் வழிவந்த சிறுவர், தம் கைச்செலவுப் பணத்தில் அதற்கெனத் தினை வாங்கிச் செல்கின்றனர். சங்கப் பாடலைப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் கையிலும் அப்பொட்டலம் இருத்தல் கூடும்.

1983ஆம் ஆண்டு யூலை மாத இறுதி வாரத்தில் தமிழருக்கு எதிராகக் கொழும்பில் நிகழ்ந்த வன்செயலில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மக்கள் உடுத்த உடையோடு அயல்வீடுகளிலும், பின்னர் கொழும்பு இந்துக் கல்லூரி முதலிய இடங்களில் அமைந்த முகாம்களிலும் தஞ்சம் புகுந்தனர். லங்கா கல்யாணி முதலிய கப்பல்களிற் பலர் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். உயிரிழந்தோரின் எண்ணிக்கையே இன்றுவரை பிணக்குக்குரியதாயிருக்க, வீட்டு விலங்கு பறவைகளுக்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை. சில நிமிடங்களிற் பிள்ளைகளை மதில் தாண்டி இறக்கவேண்டியிருந்தவர் கையிற் கூட்டுக்கு இடமிருந்திராது. கதவைத் திறந்து விட்டாலும், சிறகு கத்தரித்த கிளிக்குத் திறந்த கதவால் ஆவதொன்றில்லை. வரலாற்றாசிரியன் இதற்குமேற் சொல்லுதற்குச் சான்றில்லை. எனினும் கிளிப்பிள்ளையின் வரலாற்றை எழுதுவோர் இவ்வாரத்தைத் தாண்டிச் செல்லல் தகாது.

அதன்பின் வெள்ளவத்தையின் உருவமே மாறிற்று. புலம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற இடங்களிலும், போர் காரணமாக வடக்குக் கிழக்கிலிருந்து வந்தோரின் தேவையை நோக்கியும் தொடர்மாடிகள் எழுந்தன. விறாந்தை மறைந்தது, அதன் எச்சமாக மிஞ்சியது கைபிடிச் சுவரிட்ட சிறு மாடம். இன்று கிளிக்கூடு தொங்குவது அங்கேயே. உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வதும், மாலை வெயில் நேராக விழுவதும், காகம் கம்பியருகே வந்து குத்துவதும் அம்மாடத்தின் இடர்கள். கூட்டின் பின்புறத்தைச் சாக்கால் மறைத்து நிழல் செய்வது அனுபவமுள்ளோர் வழக்கம்.

சட்டமும் இம்மாற்றத்துக்குத் துணையாயிற்று. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1993, 2009ஆம் ஆண்டுகளில் வந்த அதன் திருத்தங்களும் நாட்டுப் பறவைகளுக்கான காப்பைப் படிப்படியாக விரித்தன. அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்பாட்டில் இலங்கை 1979இல் இணைந்தது. 1981இற் கிளியினம் ஏறத்தாழ முழுவதும் அவ்வுடன்பாட்டின் பட்டியலுட் சேர்க்கப்பட்டபோது, வெளியே விடப்பட்ட மிகச் சிலவற்றுள் பட்ஜெரிகாரும் ஒன்று. தமிழ்நாட்டில் நாட்டுக் கிளியை வீட்டில் வைத்திருத்தலே இன்று குற்றம்.

விறாந்தையை விட்ட பச்சைக்கிளி கொழும்பை விட்டுவிடவில்லை. நகரின் மரங்களிலும் தென்னைகளிலும் அதன் கூட்டங்களைக் காலையும் மாலையும் காணலாம். 1983க்குப் பின் இலண்டனுக்குக் குடிபெயர்ந்த தமிழர் அங்குள்ள பூங்காக்களிலும் அதே பறவையைக் கண்டு வியந்தனர். கூட்டிலிருந்து தப்பியவற்றிலிருந்து பெருகி, 1969 முதல் இங்கிலாந்திற் காட்டுப் பறவையாக இனம்பெருக்கிவரும் அவற்றின் மரபணுவை ஆராய்ந்தோர், அவற்றின் முன்னோர் பெரும்பாலும் பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் சேர்ந்தவை எனக் கண்டனர். குரல் ஒன்றேயாயினும் அவை வெள்ளவத்தைக் கிளிகளின் நேர் உறவினவல்ல.

தொடர்மாடிச் சிறுகிளியோ மேலே பறக்கும் கூட்டத்தின் கீச்சொலி கேட்டதும் தன் கீச்சை ஒரு கணம் நிறுத்திக் கழுத்தை நீட்டும். பின் முன்னிலும் உரக்கத் தொடங்கும். பக்கத்தில் துளையிட்டுக் கூட்டினுட் கட்டிய மண்முட்டியிற் பெண் நான்கைந்து முட்டையிட்டுப் பதினெட்டு நாள் அடைகாக்கும். குஞ்சுகள் ஐந்து கிழமையில் வெளிவரும். ஒரு சோடியோடு தொடங்கியவர் ஆண்டு முடிவதற்குள் குஞ்சு கொடுக்க ஆள் தேடுகின்றார். அலகின் மேற்புறம் நீலமாயின் ஆண், கபிலமாயிற் பெண் என்பதை மேல்மாடிச் சிறுமி கீழ்மாடிச் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுக்கின்றாள். கூடு ஒரு மாடியிலிருந்து மற்றதற்குத் தமிழ் வீட்டிலிருந்து முஸ்லிம் வீட்டுக்கும், அங்கிருந்து சிங்கள வீட்டுக்கும் படியிறங்கிச் செல்கின்றது; கூடவே அரைக் கிலோ தினையும்.